நெஞ்செரிச்சல்: அமிலம் அதிகமானதா, இடம் மாறியதா?

சாயங்கால நேரத்தில் மெடிக்கல் ஷாப் கவுன்டர் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்பார் ஒருவர். "அல்சருக்கு ஏதாச்சும் இருக்கா?" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "புளிச்ச புளிச்ச ஏப்பமா வருது" என்பார். மூன்று பேர், மூன்று பெயர். கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாத்திரை. சொல்லப்படும் காரணமும் ஒரே வரிதான்: "ஆசிட் ஜாஸ்தியாயிருச்சு."

அந்த ஒற்றை வரியில்தான் சிக்கல். நெஞ்செரிச்சலோடு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இரைப்பையில் சுரக்கும் அமிலம் மற்றவர்களுக்குச் சுரக்கும் அளவுதான். அது போகக் கூடாத இடத்துக்குப் போகிறது, அங்கே தங்கக் கூடாத நேரம் தங்குகிறது. தொந்தரவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். ராத்திரியில் ஏன் அவஸ்தை கூடுகிறது, மாத்திரை எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை, சிலருக்கு எரிச்சலே இல்லாமல் எப்படி உள்ளே புண்ணாகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

## புளியும் பித்தளையும்

புளிக்கரைசலைக் கல்சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் சட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதையே ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் விட்டுவைத்தால் காலையில் களிம்பேறிக் கிடக்கும். ஆனால் அதே பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து உடனே கழுவிவிட்டால் பளபளவென்று ஆகிவிடும். மூன்று இடத்திலும் புளி ஒன்றுதான். எந்தப் பாத்திரம், எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இரைப்பையைக் கல்சட்டி என்றும், அதற்கு மேலே இருக்கும் உணவுக்குழாயை ஈயம் பூசாத பித்தளை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் எப்போதாவது மேலே தெறித்து, உடனே கழுவப்பட்டால் உணவுக்குழாய்க்குப் பாதிப்பில்லை. அங்கேயே தேங்கினால்தான் வம்பு. இனி பாத்திரத்தை விட்டுவிட்டு உடம்புக்குள் போவோம்.

## இரைப்பை ஏன் தன்னைத்தானே செரிப்பதில்லை?

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 1824-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பிரௌட் என்ற மருத்துவர் இதைக் கண்டு சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் தவறுதலாக வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பை வரை போகும் ஓட்டை மூடவே இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளை நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே விட்டு, எடுத்துப் பார்த்து, செரிமானம் எப்படி நடக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தார். செயின்ட் மார்ட்டின் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கஷ்டப்படும். ஆனால் இரைப்பைச் சாறு பற்றிய ஆரம்ப அறிவில் பெரும்பகுதி அவருடைய வயிற்றிலிருந்துதான் வந்தது.

அமிலத்தின் கடுமையைப் பிஎச் என்ற அளவுகோலால் சொல்கிறார்கள். 7 என்றால் நடுநிலை, தண்ணீர் மாதிரி. எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே இருக்கும். இரைப்பைச் சாறு 1-க்கும் 2-க்கும் நடுவே கூட இறங்கும். இப்படிப்பட்ட சாறு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை சுரக்கிறது. சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்வது இதன் வேலை. இரும்புச்சத்து, பி12 வைட்டமின் ஆகியவை உடம்பில் சேரவும் இது உதவுகிறது. அப்புறம், புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதிக்கு உயிர் கொடுப்பதும் இந்த அமிலம்தான். அது இல்லாத இடத்தில் பெப்சின் சும்மா கிடக்கும்.

புரதத்தை வெட்டும் நொதியும், உலோகத்தை அரிக்கும் அமிலமும் இருக்கிற பையே புரதத்தால் ஆனது. அது தப்பிப்பதற்குக் காரணம், உள்சுவரின் மேல் படிந்திருக்கும் கெட்டியான சளிப் படலம். அந்தப் படலத்துக்குள் சுவரின் செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. சமையல் சோடாவில் இருக்கும் அதே காரப் பொருள்தான் இது. படலத்தின் மேல்பக்கம் பிஎச் 2 இருக்கும்போதே, அடியில் செல்லைத் தொடும் இடத்தில் 7-க்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை வந்துவிடுகின்றன.

இந்தக் காப்பு குலைந்து இரைப்பைச் சுவரிலோ சிறுகுடலின் முதல் பகுதியிலோ விழும் புண்தான் அல்சர். அதற்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இல்லாவிட்டால் அடிக்கடி எடுக்கும் வலி மாத்திரை. பாக்டீரியாவின் பங்கைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்செரிச்சல் வேறு கதை. "நேரத்துக்குச் சாப்பிடாம அல்சர் வந்துருச்சு" என்று நெஞ்சைக் காட்டிச் சொல்பவர்களில் பலருக்கு அல்சரே இருக்காது.

## உணவுக்குழாயிடம் இருப்பது வேறு வகைப் பாதுகாப்பு

தொண்டைக்குக் கீழே தொடங்கி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கி, உதரவிதானம் என்ற மூச்சுத் தசையைத் துளைத்துக்கொண்டு இரைப்பையில் சேருகிற 25 சென்டிமீட்டர் தசைக்குழாய்தான் உணவுக்குழாய். அதன் உள்பக்கம் வாயின் உள்பக்கம் போலவே, தட்டையான செல்கள் பல அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று படிந்தது. உராய்வைத் தாங்கத்தான் இந்த அமைப்பு. சரியாக மெல்லாத முறுக்குத் துண்டு இறங்கினாலும் கீறல் விழாது. ஆனால் இரைப்பையில் இருப்பது போன்ற கெட்டியான சளிப் படலம் இங்கே இல்லை.

அதற்குப் பதிலாக இந்தக் குழாய்க்கு இருப்பவை இரண்டு. ஒன்று, அமிலம் மேலே வராமல் பார்த்துக்கொள்ளும் சுருக்குத்தசை. இன்னொன்று, வந்துவிட்டால் கழுவித் தள்ளும் ஏற்பாடு.

கழுவுவதை முதலில் பார்க்கலாம். அமிலம் பட்டதும் உணவுக்குழாயின் தசை மேலிருந்து கீழாக அலையாகச் சுருங்கி, வந்ததில் பெரும்பகுதியை ஒன்றிரண்டு தள்ளலில் இரைப்பைக்கே அனுப்பிவிடும். சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை எச்சில் பார்த்துக்கொள்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் சுரக்கும் எச்சிலிலும் பைகார்பனேட் இருக்கிறது. நாம் கவனிக்காமலேயே நிமிடத்துக்கு ஒருமுறையாவது விழுங்கும் எச்சில்தான் உணவுக்குழாயின் சுவரை நாளெல்லாம் அலசுகிறது.

தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். விழுங்குவதும் அபூர்வம். படுத்திருப்பதால் அமிலம் தானாகக் கீழே வடியவும் வழியில்லை. பகலில் சில நிமிடங்களில் கழுவப்படும் அதே அமிலம் ராத்திரியில் வெகுநேரம் தேங்கி நிற்கும். உணவுக்குழாயில் கடுமையான புண் இருப்பவர்களை விசாரித்தால் ராத்திரித் தொந்தரவு அடிக்கடி தலைகாட்டுவது இதனால்தான்.

## சுருக்குத்தசை: எல்லாம் இங்கேதான்

உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையத் தசை எப்போதும் இறுகியே இருக்கும். விழுங்கும்போது தளர்ந்து வழிவிட்டு, மறுபடி இறுகும். இதுதான் கீழ்ச் சுருக்குத்தசை. வெளியே இதே மட்டத்தில் உதரவிதானமும் ஒரு பிடி பிடித்திருக்கிறது. குனியும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுமே, அப்போது உதரவிதானமும் சேர்ந்து இறுகித் தாங்கும்.

"அந்தத் தசை பலவீனமாகிவிட்டதால் அமிலம் ஏறுகிறது" என்று பல இடங்களில் எழுதியிருக்கும். தீவிரமாகப் பாதிக்கப்பட்ட சிலருக்கு அது உண்மை. மற்ற பலருக்குச் சுருக்குத்தசை நல்ல பலத்தோடுதான் இருக்கிறது. தேவையில்லாத நேரத்தில் திறக்கிறது, அவ்வளவுதான்.

சாப்பிட்டதும் இரைப்பையின் மேல்பகுதி விரிகிறது. உள்ளே போன காற்றை வெளியேற்ற, மூளைத்தண்டிலிருந்து ஒரு கட்டளை வந்து சுருக்குத்தசை பத்து விநாடிக்கு மேலாகத் தளரும். ஏப்பம் வருவது இப்படித்தான். விழுங்காமலேயே நிகழும் இந்தத் தற்காலிகத் தளர்வு எல்லோருக்கும் தினமும் பல தடவை நடக்கிறது. காற்றோடு கொஞ்சம் அமிலமும் ஏறிவரும்போது அதைப் பின்னோட்டம் என்கிறோம். ஆரோக்கியமானவருக்கும் பின்னோட்டம் உண்டு, அவருக்கு அது தெரிவதில்லை.

வயிறு முட்டச் சாப்பிட்டால் விரிவு அதிகம், ஆகவே தளர்வும் அதிகம். எண்ணெய் மிதக்கும் சாப்பாடு இரைப்பையை விட்டுக் கிளம்பவே நேரமாகும். பத்தரை மணிக்குப் பிரியாணி, பதினோரு மணிக்குப் படுக்கை என்றால், தளர்வு அடிக்கடி வரும் நேரமும் படுத்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு கலக்காமல் அதன் மேலே ஒரு படலமாக, சுருக்குத்தசைக்கு நேர் கீழே தங்கிவிடும். சாப்பாடு அமிலத்தை நீர்க்கச் செய்யும் வேளையில்கூட ஏறிவருவது கலப்பில்லாத அமிலமாக இருப்பது இதனால்தான்.

தொப்பை இரைப்பையை வெளியிலிருந்து அமுக்குகிறது. கர்ப்ப காலத்தில் வளரும் கருப்பை அமுக்குவதோடு, புரோஜெஸ்டிரான் ஹார்மோன் சுருக்குத்தசையையும் தளர்த்துகிறது. பிரசவமானதும் பெரும்பாலும் சரியாகிவிடும். சிகரெட் தசையையும் தளர்த்தி, எச்சிலையும் குறைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் தசையைத் தளர்த்தக்கூடியவை. அதற்காக அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித்தர முடியுமா என்று பார்ப்பார்.

சிலருக்கு உதரவிதானத்தின் ஓட்டை அகன்று, இரைப்பையின் மேல்முனை நெஞ்சுப் பக்கம் நழுவி ஏறியிருக்கும். ஸ்கோப் (வாய் வழியே கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி) ரிப்போர்ட்டில் "ஹையாட்டஸ் ஹெர்னியா" என்று எழுதியிருப்பது இதைத்தான். சுருக்குத்தசை ஓரிடம், உதரவிதானத்தின் பிடி வேறிடம் என்று பிரிந்துவிடுவதால் தடுப்பு பாதியாகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சின்ன அளவில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது. பலருக்குத் தொந்தரவே இருக்காது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் படலம் உண்டு, உணவுக்குழாய்க்கு இல்லை. உணவுக்குழாய் நம்பியிருப்பது சுருக்குத்தசையையும், எச்சிலோடு சேர்ந்த கழுவலையும். தசை தப்பான நேரத்தில் அடிக்கடி திறந்தாலோ, கழுவல் மெதுவானாலோ அமிலம் தங்கும் நேரம் கூடுகிறது.

## எவ்வளவு நேரம் என்றால் அதிகம்?

இதை அளக்க முடியும். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கம்பியை உணவுக்குழாய்க்குள் இறக்கி, 24 மணி நேரம் அங்கேயே வைத்து, பிஎச் எத்தனை நேரம் 4-க்குக் கீழே போகிறது என்று பதிவு செய்கிறார்கள். 4 என்பது சும்மா தேர்ந்தெடுத்த எண் அல்ல. பெப்சின் நன்றாக வேலை செய்வது அதற்குக் கீழேதான். மொத்த நேரத்தில் 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய். நிமிடக் கணக்கில் சொன்னால், ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை அமிலம் பட்டாலும் உணவுக்குழாய் சமாளித்துக்கொள்கிறது. ஒன்றரை மணி நேரத்தை நெருங்கினால் முடிவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களுக்கு வேறு சோதனைகளையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

## அமிலம் பட்ட இடத்தில் நடப்பது

அமிலமும் பெப்சினும் சேர்ந்து மேல் அடுக்கில் உள்ள செல்களின் இணைப்பைத் தளர்த்துகின்றன. செல்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. அந்தச் சந்து வழியே அமிலம் கசிந்து, அடியில் இருக்கும் நரம்பு நுனிகளைத் தொடும். அங்கே டிஆர்பிவி1 என்ற உணரி ஒன்று இருக்கிறது. சூடு பட்டால் அது தூண்டப்படும். அமிலம் பட்டாலும் தூண்டப்படும். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பட்டாலும் அதே கதைதான். இந்த உணரியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடும் காரமும் அமிலமும் ஒரே மாதிரி "எரியுது" என்று தோன்ற இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே எரிச்சல் இருப்பவர் காரமாகச் சாப்பிட்டால் கூடுதலாக எரிவதும் இதனால்தான். மிளகாய் அமிலத்தைப் பெருக்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

புண் எப்படி விழுகிறது என்பது பற்றி வெகுகாலமாக இருந்த எண்ணம், அமிலம் மேலிருந்து செல்களை அரித்துக்கொண்டே போகிறது என்பது. அமெரிக்காவின் டல்லாஸ் நகர ஆய்வாளர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். ஏற்கெனவே கடும் புண் வந்து மருந்தால் ஆறியிருந்த 12 பேரிடம் மருந்தை நிறுத்தச் சொல்லி, அடுத்து நடப்பதைத் திசு எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அந்த முடிவின்படி, மேல் அடுக்கு அரிக்கப்படுவதற்கு முன்பே அழற்சிச் செல்கள் உள்ளே வந்து சேர்ந்திருந்தன. அதாவது, அமிலம் நேரடியாகப் பொசுக்குவதைவிட, அமிலம் பட்ட செல்கள் அனுப்பும் ரசாயனச் செய்தியைக் கேட்டு நம் நோய் எதிர்ப்புச் செல்களே வந்து சேதத்தை உண்டாக்குகின்றன என்று தோன்றுகிறது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் "ஆசிட் ஊற்றினால் வெந்துபோவது போல" என்ற படத்தை இனி அப்படியே நம்ப முடியாது.

புண் திரும்பத் திரும்ப வந்து ஆறினால் அந்த இடம் தழும்பாகி இறுகும். குழாய் குறுகிவிடும். முதலில் இட்லியும் சாதமும் மாட்டுவது போலிருக்கும், தண்ணீர் குடித்தால் இறங்கும். போகப்போக அதுவும் சிரமமாகும்.

அமிலம் தொண்டை வரை ஏறுபவர்களுக்குக் காலையில் குரல் கரகரப்பு, விடாத வறட்டு இருமல் வரலாம். பல் எனாமல் பிஎச் 5.5-க்குக் கீழேயே கரையத் தொடங்கும் என்பதால், முன் மேற்பற்களின் உள்பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்துப் பல் டாக்டரே "உங்களுக்கு எதுக்களிக்குமா?" என்று முதலில் கேட்பதும் உண்டு.

## எரிச்சல் ஒரு கணக்கு, புண் வேறு கணக்கு

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நெஞ்செரிச்சலோடு வந்து எண்டோஸ்கோபி செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உணவுக்குழாய் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். "ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஆனா எரியுதே" என்று குழம்புவார்கள். வீட்டில் இருப்பவர்கள் "எல்லாம் மனசுதான்" என்பார்கள். அப்படியில்லை. செல்களின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. சிலருக்கு நரம்பு நுனிகள் கொஞ்சம் அமிலத்துக்கே அதிகமாகக் கத்தும்.

மறுபக்கம், வயதானவர்களுக்கு உணர்வு மந்தமாவதால் பெரிய புண் இருந்தும் எரிச்சல் குறைவாகவே இருக்கலாம். ஆகவே எரிச்சலின் கடுமையை வைத்து உள்ளே எவ்வளவு சேதம் என்று யாரும் ஊகிக்க முடியாது.

## பாரெட், புற்றுநோய், கொஞ்சம் நிதானம்

வருடக்கணக்கில் அமிலம் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதி தன் தோலையே மாற்றிக்கொள்ளும். தட்டையான செல்கள் போய், குடலில் இருப்பது போன்ற உயரமான, சளி சுரக்கும் செல்கள் வரும். அமிலத்தைத் தாங்க இவை மேல், ஆனால் இந்தச் செல்களுக்குப் புற்றாக மாறும் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். இதற்குப் பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். 1950-இல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட், அது நெஞ்சுக்குள் இழுக்கப்பட்ட இரைப்பை என்றுதான் முதலில் வாதிட்டார். சில வருடம் கழித்து, உணவுக்குழாய்தான் என்று ஒப்புக்கொண்டார். பெயர் என்னவோ அவருக்கே நிலைத்துவிட்டது.

பாரெட் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் இடிந்துபோகிறவர்கள் உண்டு. செல்களில் வேறு கோளாறு இல்லாத பாரெட், வருடத்துக்கு ஆயிரம் பேரில் ஏதோ ஓரிருவருக்கு, மிஞ்சினால் மூவருக்குத்தான் புற்றாக மாறுகிறது. அவ்வப்போது ஸ்கோப் செய்து பார்த்து வந்தால், மாறும் முன்பே பிடித்துவிடலாம்.

நம் ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமிலத்தோடு தொடர்புள்ள உணவுக்குழாய்ப் புற்று மேற்கு நாடுகளில் அதிகம். இந்தியாவில் அதிகம் பார்ப்பது வேறு வகை. அது இயல்பான தட்டைச் செல்களிலிருந்தே வருகிறது. அதற்குக் காரணங்கள் புகையிலை, வெற்றிலைப் பாக்கு, மது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. கேஸ் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, வாயில் ஹான்ஸும் அடக்கிக்கொண்டிருப்பவர் ஆபத்தை எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறார்.

## "கேஸ்தான், சோடா குடி"

இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. மூளைக்குச் சில நேரம் எது எதுவென்று பிரித்தறிய முடிவதில்லை. எரிச்சல் போலத் தொடங்கும் மாரடைப்பும் உண்டு, மாரடைப்பு போல நெஞ்சைப் பிசையும் பின்னோட்டமும் உண்டு. ஏப்பம் விட்டதும் லேசாகத் தெரிந்தது என்பதற்காக இதயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சாப்பாட்டோடும் படுக்கையோடும் தொடர்பில்லாமல், நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்து நின்றால் குறைகிற வலி. நெஞ்சில் பாறையை வைத்தது போன்ற அழுத்தம். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது. கூடவே வேர்வை, மூச்சுத்திணறல், தலைசுற்றல். இதில் எது இருந்தாலும் சோடாவைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் அறிகுறி இதைவிட மங்கலாகவே வரலாம். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் நஷ்டம் சில மணி நேரம்தான்.

## மாத்திரை செய்வதும் செய்யாததும்

ஜெலுசில், டைஜீன் போன்றவை காரப் பொருட்கள். ஏற்கெனவே இருக்கும் அமிலத்தைச் சமன்படுத்தும். உடனே கேட்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். பாலும் இப்படித்தான் முதலில் இதமாக இருக்கும். ஆனால் அதில் இருக்கும் புரதமும் கால்சியமும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டுவதால், படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்ற வைத்தியம் நள்ளிரவில் திருப்பிக் கேட்கலாம்.

அடுத்தது ஃபாமோடிடின் வகை. அமிலம் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற செய்தியைத் தடுக்கிறது. இதே குடும்பத்தின் ரானிடிடின் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. அதில் புற்று உண்டாக்கக்கூடிய மாசு உருவாகலாம் என்ற கவலையால் 2020-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

மூன்றாவதுதான் இன்று எல்லோர் பையிலும் இருக்கும் பான்டோபிரசோல், ஓமெபிரசோல் வகை. அமிலத்தை இரைப்பைக்குள் தள்ளும் செல்களில் புரோட்டான் பம்ப் என்ற நுண்ணிய இறைப்பான்கள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றைப் பிடித்து முடக்கிவிடும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் இதனால் பிடிக்க முடியும், பம்புகள் ஓடத் தொடங்குவது நாம் சாப்பிடும்போது. மருந்தோ ரத்தத்தில் ஓரிரு மணி நேரமே இருக்கும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்வது இந்தப் பொருத்தத்துக்காகத்தான். சாப்பிட்டு முடித்து, எரியத் தொடங்கிய பிறகு ஒன்றைப் போட்டால் பெரிய பலன் இருக்காது. முழுப் பலன் தெரியவும் நான்கைந்து நாள் ஆகும். கடித்தோ பொடித்தோ போடவும் கூடாது. இரைப்பை அமிலத்திலேயே கெட்டுவிடும் மருந்து என்பதால்தான் அதற்கு மேலே பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

இந்த மாத்திரை சுருக்குத்தசையைச் சரிசெய்வதில்லை. பின்னோட்டம் முன்பு போலவே நடக்கும். ஏறிவரும் திரவத்தில் அமிலம் குறைந்திருக்கும். புண் ஆற அது போதும், மிக நன்றாகவே ஆற்றுகிறது. ஆனால் புளிப்பில்லாமல் தண்ணீர் போல எதுக்களிப்பது மாத்திரையால் நிற்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. சுருக்குத்தசையையே பலப்படுத்த வேண்டுமென்றால் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ருடால்ஃப் நிஸன் 1955-இல் தொடங்கிவைத்தது. அது தேவைப்படுவது சிலருக்கே.

மாத்திரையை நிறுத்தியதும் எரிச்சல் திரும்பினால் "நோய் இன்னும் இருக்கு" என்று நினைத்து மறுபடி தொடங்குவார்கள். டென்மார்க்கில் நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது; முடிவு 2009-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு இந்த வகை மருந்தை எட்டு வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அதன் பிறகு அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். மருந்து அமிலத்தை அடக்கிவைத்திருந்த காலத்தில் உடம்பு இன்னும் சுரக்கச் சொல்லித் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறது; தடுப்பை எடுத்ததும் சில வாரம் அது கூடுதலாகச் சுரக்கும். இந்தச் சமயத்தில் "ஆசிட் ஜாஸ்தி" என்பது உண்மைதான். நீண்ட நாள் எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. ஆனால் பாரெட் இருப்பவர்களும், கடும் புண் இருந்தவர்களும், ரத்தம் கெட்டியாகாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களில் சிலரும் தொடர்ந்தே எடுக்க வேண்டியிருக்கும். அவர்கள் யூடியூபில் எதையோ பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

## மாத்திரை இல்லாமல் செய்யக்கூடியவை

தங்கும் நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்று பார்த்தால் வழிகள் தானாகத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரண்டு தலையணை போட்டால் கழுத்துதான் மடியும், வயிறு இன்னும் அமுங்கும்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது பெரிய விஷயமாகத் தோன்றாது, ஆனால் நன்றாகவே உதவும். இரைப்பையின் பெரிய பகுதி இடது பக்கம் தொங்குகிறது, உணவுக்குழாய் அதன் வலது மேல் ஓரத்தில் வந்து சேருகிறது. இடது பக்கம் படுத்தால் அமிலக் குளம் சுருக்குத்தசைக்குக் கீழே நிற்கும். வலது பக்கம் படுத்தால் தசையே அந்தக் குளத்துக்குள் மூழ்கிவிடும்.

எடை கூடியிருந்தால் குறைப்பது எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தரும். காபி, தக்காளி, புளி, காரம் இவற்றை எல்லோரும் விட வேண்டியதில்லை. உங்களுக்கு எது ஒத்துவரவில்லை என்று பார்த்து அதை மட்டும் குறைத்தால் போதும். பட்டியல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியோடு வாழ்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மாத்திரை விழுங்கும் விதத்தையும் கவனியுங்கள். டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து, எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட் மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அவை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கும். இரைப்பை அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருந்தால் தப்பிக்கலாம்.

## எண்டோஸ்கோபி யாருக்கு?

எப்போதாவது விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு எரிகிறவருக்குத் தேவையில்லை. விழுங்கும்போது சாப்பாடு மாட்டுகிறது, விழுங்கினால் வலிக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, வாந்தியில் ரத்தமோ காபித்தூள் போன்ற கறுப்போ வருகிறது, மலம் தார் போலக் கறுக்கிறது, ரத்தசோகை இருக்கிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையைச் சரியான நேரத்தில் இரண்டு மாதம் எடுத்தும் குறையாதவர்களும், ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல்முறையாகத் தொந்தரவு தொடங்கியவர்களும் செய்துகொள்வது நல்லது. பல வருடமாக நெஞ்செரிச்சலோடு இருந்து, கூடவே தொப்பையும் சிகரெட்டும் உள்ள ஆண்களுக்குப் பாரெட் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை செய்யச் சொல்வார்கள்.

டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்: எரிச்சல் எந்த நேரத்தில் வருகிறது, படுத்தால் கூடுகிறதா, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போட்டீர்களா, பின் போட்டீர்களா. "கேஸ் ட்ரபிள் டாக்டர்" என்று மட்டும் சொன்னால், அவரும் அதே மாத்திரையைத்தான் எழுதித் தருவார்.